காரில் காற்று 'நாலில்' மட்டும் வருகிறதா?

காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகியதும் நம் கை அடுத்து எங்கே போகிறது? குளிர்சாதனத்தின் குமிழுக்குத்தான். நம் ஊர் வெயில் அப்படி! ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டிருக்கும் அந்தக் குமிழைத் திருப்புகிறோம். பல வருடங்கள் ஒழுங்காக வேலை செய்த அது, ஒருநாள் திடீரென்று முரண்டு பிடிக்கிறது. ஒன்றில் காற்று இல்லை, இரண்டில் இல்லை, மூன்றிலும் இல்லை. நான்கில் வைத்தால் மட்டும் புயல்போல் அடிக்கிறது.

"நாலிலாவது வருகிறதே, அது போதும்" என்று நம்மில் பலர் அப்படியே மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் ஓட்டினேன். அதன் பிறகு நான் செய்த தவறும், பட்ட பாடும், கற்ற பாடமும் வாசக நேயர்களுக்குப் பயன்படக்கூடும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடற்பாலத்தில் ஒரு காலை

எங்கள் வீடு செம்பவாங்கில், கேன்பரா சாலைக்குப் பக்கத்து அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. காருக்கு எட்டு வயது தாண்டிவிட்டது. விசிறி நாலில் மட்டும் சுற்ற ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். "குளிர்சாதனத்தையே மொத்தமாக இறக்கி மாற்ற வேண்டும்" என்று சொல்லிப் பல நூறு வெள்ளி கேட்டார்கள். மலைத்துப் போய்த் திரும்பிவிட்டேன்.

பிறகு தெரிந்த போமன் ஒருவர் வந்து பார்த்தார். "உள்ளே சின்ன ஃபியூஸ் ஒன்று போயிருக்கிறது, அண்ணே. ஒரு கம்பியை வைத்துச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது" என்றார். பத்தே நிமிடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, எல்லா எண்ணிலும் காற்று வந்துவிட்டது! கோப்பி வாங்கிக் கொடுத்து, கைநிறையக் காசும் கொடுத்து அனுப்பினேன். கெட்டிக்காரர் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஜொகூர் கூலாயில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். விடியற்காலையிலேயே புறப்பட்டோம். நான், மனைவி, தொடக்கப்பள்ளியில் படிக்கும் மகள், அப்பா, ஆஸ்துமா உள்ள அம்மா. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் வழக்கம்போல் நெரிசல். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று விசிறியை ஒன்றில் வைத்திருந்தேன்.

திடீரென்று பிளாஸ்டிக் தீய்ந்த வாடை! டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து மெல்லிய புகை. அப்பாதான் முதலில் கத்தினார்: "தம்பி, விசிறியை நிறுத்து! எல்லாத்தையும் நிறுத்து!" நிறுத்தினேன். கண்ணாடிகளை இறக்கினோம். முன்னால் லாரி, பின்னால் பேருந்து. இறங்கி ஓடவும் வழியில்லை. புகை அடங்கிவிட்டது, கடவுள் புண்ணியம். ஆனால் வெளியே வெயிலும் லாரிப் புகையும். அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. கைப்பையிலிருந்து மருந்தை எடுத்து இரண்டு முறை உறிஞ்சிய பிறகுதான் மூச்சு நிதானத்துக்கு வந்தது. அக்கரை போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டும் நேரம் தப்பிவிட்டிருந்தது. அது போகட்டும். அந்தப் புகை நெருப்பாகியிருந்தால்?

அப்பாவின் சோதனை விளக்கு

அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் மின்பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். பிரிட்டிஷார் கட்டிய அந்தத் தளத்தின் பெரிய கப்பல்கூடம், ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் 1938-ல் திறக்கப்பட்டது. தமிழர்களும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்த்தார்கள். 1968-ல் அது செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியபோது அப்பாவும் அதிலேயே தொடர்ந்தார். இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கை சற்று நடுங்கும். ஆனால் அந்தக் காலத்துச் சோதனை விளக்கை மட்டும் இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறார். ஒரு சிறு பல்பு, இரண்டு கம்பி, ஒரு ஊசிமுனை. அவ்வளவுதான் அந்தக் கருவி.

அடுத்த நாள் வாகன நிறுத்துமிடத்தில் அப்பா முன் இருக்கைக்குக் கீழே குனிந்து உட்கார்ந்துகொண்டார். நான் கைவிளக்கைப் பிடித்தேன். "கரண்டு பொய் சொல்லாது, தம்பி. எது வரைக்கும் வருது, எங்கே நிக்குதுன்னு கேட்டால் அதுவே சொல்லிடும்" என்றார். அன்று அவர் சொல்லித்தந்ததை, பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வேகம் எப்படிக் கூடுகிறது, குறைகிறது?

பழைய வீடுகளில் கூரை விசிறிக்குச் சுவரில் பெரிய ரெகுலேட்டர் பெட்டி இருக்குமே, நினைவிருக்கிறதா? தொட்டால் சுடும். அதற்குள்ளே சுருள் சுருளாகக் கம்பிகள். குறைந்த வேகத்தில் வைத்தால் மின்சாரம் எல்லாச் சுருளையும் கடந்து, வலுக்குறைந்து விசிறிக்குப் போகும். ஐந்தில் வைத்தால் எந்தச் சுருளும் இல்லாமல் நேராகப் போகும். சுருள் அறுந்தால் மற்ற எண்கள் செத்துப்போய் ஐந்து மட்டும் ஓடும்.

காரிலும் அதே கதைதான். அந்தச் சுருள்கள் உள்ள சிறு பாகத்துக்கு ரெசிஸ்டர் என்று பெயர். தமிழில் மின்தடை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் ஓட்டுநருக்கு இடப்பக்கம், முன் பயணியின் காலுக்கு மேலே, சாமான் வைக்கும் சிறு பெட்டிக்குப் பின்னால் விசிறி மோட்டாரும் அதன் அருகே இந்த ரெசிஸ்டரும் இருக்கும்.

நான்கு வேகம் உள்ள வண்டியில் மூன்று சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும். ஒன்றில் வைத்தால் மின்சாரம் மூன்றையும் கடக்க வேண்டும். இரண்டில் வைத்தால் இரண்டை. மூன்றில் வைத்தால் ஒன்றை. நான்கில் சுருளே இல்லை, மோட்டாருக்கு நேர்வழி. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த எண் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பதைக் கொண்டே கோளாறு எங்கே என்று வீட்டில் இருந்தபடியே ஓரளவு சொல்லிவிடலாம்.

எண்கள் சொல்லும் சேதி

நான்கு மட்டும் ஓடுகிறது, மற்ற மூன்றும் இல்லை என்றால், பெரும்பாலும் ரெசிஸ்டரில்தான் கோளாறு. மோட்டார் ஓடுகிறது என்பதற்கு நான்காம் எண்ணே சாட்சி. ஆகவே, "மோட்டாரை மாற்று, குளிர்சாதனத்தையே இறக்கு" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள்.

ஒன்று மட்டும் இல்லை, மற்ற மூன்றும் இருக்கின்றன என்றால், முதல் சுருள் அறுந்திருக்கலாம். ஒன்றும் இரண்டும் இல்லை என்றால் நடுச்சுருளைச் சந்தேகிக்கலாம்.

இரண்டு மட்டும் இல்லை, ஒன்றும் மூன்றும் நான்கும் இருக்கின்றன என்றால் சுருள் குற்றவாளி அல்ல. ஏன்? ஒன்றில் போகும் மின்சாரம் எல்லாச் சுருளையும் கடந்துதானே போகிறது? சுருள் அறுந்திருந்தால் ஒன்றும் நின்றிருக்குமே! எனவே அந்த ஒரு எண்ணுக்கான கம்பி, பிளக்கின் ஊசி, அல்லது சுவிட்சின் உள்ளே தொடும் முனை, இவற்றில் ஒன்று கெட்டிருக்க வேண்டும்.

நான்கு மட்டும் இல்லை, மற்றவை உண்டு என்றால் நேர்வழியில் தடங்கல். பல வண்டிகளில் அந்த நேர்வழிக்குத் தனி ரிலேயும் சிலவற்றில் தனி ஃபியூஸும் உண்டு. அவற்றையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும்.

எந்த எண்ணிலும் இல்லை என்றால் முதலில் ஃபியூஸ். பிறகு ரிலே, சுவிட்ச், எர்த் கம்பி, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மோட்டாரை லேசாகத் தட்டினால் சுற்ற ஆரம்பிக்கிறதா? அப்படியானால் அதனுள்ளே கார்பன் தேய்ந்திருக்கக்கூடும்.

விசிறியின் சத்தம் எல்லா எண்ணிலும் சரியாகக் கேட்கிறது, காற்று மட்டும் குறைவு என்றால் அது மின்கோளாறே அல்ல. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். நீண்ட பயணத்தில் காற்று படிப்படியாகக் குறைந்து, குளிரைச் சற்று நேரம் நிறுத்தி வைத்ததும் திரும்ப வருகிறதென்றால் உள்ளே பனிக்கட்டி கட்டுகிறது என்று பொருள்.

வண்டி ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடாகிறதா? அப்போது சந்தேகிக்க வேண்டியது உள்ளே இருக்கும் விசிறியை அல்ல. என்ஜினுக்கு முன்னால் இருக்கும் விசிறியை. இரண்டும் வேறு வேறு.

இன்னொன்று. எண்ணுக்குப் பதிலாக வெப்ப அளவை வைத்தால் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வண்டிகளில் இந்தச் சுருள்கள் இருக்காது. டிரான்சிஸ்டர் வகைப் பாகம் அந்த வேலையைச் செய்யும். மேலே சொன்ன எண் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

ஃபியூஸ் ஏன் போனது?

எங்கள் வண்டிக்கு வருவோம். அப்பா ரெசிஸ்டரைக் கழற்றி என் கையில் வைத்தார். பிளக் உருகிக் கறுத்துப்போயிருந்தது. ஃபியூஸ் இருந்த இடத்தில் போமன் வைத்த கம்பி. அப்பா அதைத் தொட்டுக் காட்டி, "வீட்டுக்குக் காவல்காரன் செத்துட்டான்னு கதவைத் திறந்து போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

மின்சாரம் தடையைக் கடக்கும்போது சூடு பிறக்கிறது. மின்னோட்டத்துக்கும் தடைக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானியரான ஜார்ஜ் ஓம் 1827-ல் நூலாக வெளியிட்டார். அதனால் பிறக்கும் சூட்டின் கணக்கை, மதுவடிப்பாலை நடத்திய குடும்பத்தில் பிறந்த ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஜூல் 1841-ல் வெளியிட்டார். ஓட்டத்தை அதே ஓட்டத்தால் பெருக்கி, தடையாலும் பெருக்க வேண்டும். ஒரு ஓம் தடையில் 6 ஆம்பியர் ஓடினால் 36 வாட் சூடு. ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சூட்டுக்கோலில் ஏறக்குறைய அவ்வளவு சூடுதான் இருக்கும். அதே தடையில் ஓட்டம் 9 ஆம்பியர் ஆனால் சூடு 81 வாட்! ஓட்டம் ஒன்றரை மடங்கு கூடினால் சூடு இரண்டேகால் மடங்கு கூடுகிறது.

இவ்வளவு சூட்டையும் யார் தணிப்பது? அதே விசிறிக் காற்றுதான். அதற்காகத்தான் ரெசிஸ்டரைக் காற்று போகும் பாதையில் வைத்திருக்கிறார்கள். காற்று குறைந்தாலோ, ஓட்டம் கூடினாலோ சூடு எல்லை மீறும். அப்போது தன்னை மாய்த்துக்கொண்டு வண்டியைக் காப்பதற்குத்தான் அந்தச் சின்ன ஃபியூஸ்.

எங்கள் வண்டியில் இரண்டு குற்றமும் இருந்தன. நான் தினமும் அங்சானா மரத்தடியில் நிறுத்துவேன். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள துவாரம் வழியாக இலையும் பூவும் விழுந்து, வடிகட்டியை அடைத்திருந்தன. மழைநீர் வடியும் வழியும் அடைபட்டு, ஈரம் மோட்டார் வரை இறங்கியிருந்தது. மோட்டாரைக் கையால் சுற்றினால் இறுக்கமாக இருந்தது. இறுகிய மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். அடைத்த வடிகட்டி காற்றைக் குறைக்கும். ஃபியூஸ் போனது அதனால்தான். காரணத்தைத் தேடாமல் கம்பி வைத்தோம். நெரிசலில் விசிறியை ஒன்றில் வேறு வைத்தேன். காற்று மிகக் குறைவாக வருவது அந்த எண்ணில்தானே! காவலும் இல்லை, காற்றும் இல்லை. பிளக் உருகாமல் என்ன செய்யும்?

கருகிய பிளக்கை வெட்டிப் புதிதாக மாற்றினோம். ரெசிஸ்டரும் மோட்டாரும் புதிது. இலைகளை அள்ளிப் போட்டு, வடிகட்டியையும் மாற்றினோம். முதலில் கேட்ட தொகையில் சிறு பகுதிதான் செலவானது. ரெசிஸ்டரை மட்டும் மாற்றி மோட்டாரை அப்படியே விட்டிருந்தால், புதியதும் சில வாரங்களில் போயிருக்கும். ஒரு ரெசிஸ்டர் இரண்டாம் முறையும் எரிந்தால், குற்றம் அதனிடம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை, கூடாதவை

முதலில் என்ஜினை ஓடவிட்டு, குமிழை ஒன்றிலிருந்து நான்கு வரை மெதுவாகத் திருப்புங்கள். எந்த எண்ணில் காற்று, எதில் இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். உறுமல், கிறீச் சத்தம், தீய்ந்த வாடை இருந்தால் அதையும் எழுதுங்கள். இதற்குத் திருப்புளிகூட வேண்டாம். வண்டி ஓட்டும் எந்த இல்லத்தரசியும் செய்யலாம். அந்தத் தாளோடு பட்டறைக்குப் போனால் தவுக்கே உங்களை வேறு மரியாதையோடு பார்ப்பார்!

அடுத்து, வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்து விசிறிக்கான ஃபியூஸைச் சோதியுங்கள். போயிருந்தால் அதே ஆம்பியர் எண் உள்ளதையே போடுங்கள். பெரிய எண் உள்ளதைப் போடுவதும் கம்பி வைப்பதும் ஒன்றுதான்.

கை பழகியவர்கள், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டரின் பிளக்கை உருவிப் பார்க்கலாம். பழுத்த நிறமோ உருகிய தடமோ இருந்தால் ரெசிஸ்டரோடு பிளக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். கழற்றிய ரெசிஸ்டரின் முனைகளை மீட்டரால் அளந்தால் சில ஓம் அல்லது அதற்கும் குறைவாகக் காட்ட வேண்டும். எண்ணே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது என்று பொருள். சற்று முன்புவரை விசிறி ஓடியிருந்தால் ரெசிஸ்டரைத் தொடாதீர்கள், கை வெந்துவிடும்.

டாஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறக் கம்பியோ பிளக்கோ தெரிந்தால் விலகியிருங்கள். அது பெரும்பாலும் விபத்தில் விரியும் காற்றுப்பைக்கு உரியது. மின்சார வண்டிகளிலும் கலப்பின வண்டிகளிலும் ஆரஞ்சு நிறக் கம்பியைத் தொடவே கூடாது. அதில் பாய்வது உயிரைப் பறிக்கும் மின்சாரம். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியை நீங்களாகத் திறக்க வேண்டாம்.

விசிறி வெறும் சொகுசுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அடைமழையில் விரைவுச்சாலையில் போகும்போது முன்கண்ணாடியில் படியும் ஆவியைத் துடைப்பதும் அதே விசிறிதான். கண்ணாடி மங்கினால் பாதை மங்கும்.

பழைய வண்டிக்கும் மரியாதை

சிங்கப்பூரில் 1990-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, கார் வாங்க வாகன உரிமைச் சான்றிதழும் வேண்டும். அதன் ஆயுள் பத்து வருடம். விலை கட்டாமல், இருக்கும் வண்டியையே பேணிக் காப்பவர்கள் இங்கே அநேகம். அக்கரையிலும் 1985-ல் வந்த புரோட்டோன் சாகாவையும் 1994-ல் வந்த கஞ்சிலையும் பிள்ளைபோல் வைத்து ஓட்டுபவர்கள் தோட்டப்புறங்களில் இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் பத்து வெள்ளி மிச்சமானாலும் மிச்சம்தான். ஆனால் சிக்கனம் வேறு, கம்பி வைப்பது வேறு. காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது சிக்கனம். காவலை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது சிக்கனமே அல்ல.

சென்ற மாதம் மறுபடியும் கூலாய்க்குப் போனோம், அந்தக் கல்யாணத் தம்பதியின் குழந்தைக்குப் பேர் வைக்க. கடற்பாலத்தில் அதே நெரிசல். அம்மா பின்னாலிருந்து, "தம்பி, காத்தை ஒன்னுல வைப்பா" என்றார். வைத்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. குனிந்து ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, நிம்மதியாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.